ஐஎன்ஜி-யில் தொடங்கும் ஆங்கில வாக்கியம்: தமிழ்க் காது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கேள்வி சுருக்கமாக இது: "தமிழில் 'போய்', 'பார்த்து', 'முடித்துவிட்டு' என்று எழுதுவதைப் போலத்தான் இங்கிலீஷில் 'கோயிங்', 'சீயிங்', 'ஹேவிங் ஃபினிஷ்ட்' என்று எழுதுகிறேன். சில வாக்கியங்களைச் சரி என்கிறார்கள், சிலவற்றைத் தப்பு என்று அடிக்கிறார்கள். எது எப்போது வரும்? எதனால் தப்பாகிறது?"

உங்கள் ஊகம் பாதிக்கு மேல் சரி. இப்படி ஐஎன்ஜி போன்ற வினை உருவில் தொடங்கும் சொற்றொடரைத்தான் பார்ட்டிசிபியல் ஃபிரேஸ் என்று ஆங்கில இலக்கணம் சொல்கிறது. அது 'போய்', 'பார்த்து' போன்ற நம் எச்சத்துக்கு நெருங்கிய உறவு. 'சாவியைத் தொலைத்து' என்று மட்டும் சொன்னால் யார் தொலைத்தது, பிறகு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றும். 'லூசிங் தி கீ' என்பதும் அப்படியே தொங்கி நிற்கும். ஆளையும் காலத்தையும் அது முதன்மை வினையிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு இந்த அடிப்படை ஏற்கெனவே கையில் இருக்கிறது. சிக்கல் வருவது நான்கைந்து குறிப்பிட்ட இடங்களில்தான். அங்கெல்லாம் தமிழ் எச்சம் தாராளமாக நடந்துகொள்ளும், ஆங்கிலம் கறாராக நிற்கும்.

முதலில் உருவங்கள். 'ரைட்டிங் எ லெட்டர்' என்றால், வாக்கியத்தின் எழுவாய் எழுதுகிறது. 'ரிட்டன் இன் டமில்' என்றால், எழுவாய் எழுதப்பட்டது. 'ஹேவிங் ரிட்டன் தி லெட்டர்' என்றால், எழுவாய் எழுதி முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறது. ஐஎன்ஜி, வி3 ('ரைட், ரோட், ரிட்டன்' என்பதில் மூன்றாவதாக வரும் உருவம்), 'ஹேவிங்' கூட்டிய வி3 என்ற இந்த மூன்றும் போதும். 'ஹேவிங் பீன் ரிட்டன்' போன்றவை இவற்றின் கலவை. எதிர்மறை வேண்டுமானால் 'நாட்' எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்: 'நாட் நோயிங் தி வே', 'நாட் ஹேவிங் ரிசீவ்ட் எனி ரிப்ளை'. நம் அலுவலகக் கடிதங்களில் 'ஹேவிங் நாட் ரிசீவ்ட்' என்று நிறைய வருகிறது. 'நாட் ஹேவிங்' என்பதே தரமான வரிசை, அதையே பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாரும் இடறுகிற இடம். ஃபிரேஸ் முதலில் வந்து கமா போட்டால், கமாவுக்குப் பின் வருகிற எழுவாய்தான் அந்தச் செயலுக்குச் சொந்தக்காரர். 'வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், எ டாக் பிட் மீ' என்று எழுதினால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனது நாய். சொல்ல வந்தது அதுவல்ல. இதைத்தான் டாங்ளிங் பார்ட்டிசிபிள் என்கிறார்கள். சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எழுவாயை மாற்றலாம்: 'வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், ஐ வாஸ் பிட்டன் பை எ டாக்'. அல்லது ஃபிரேஸையே முழு கிளாஸாக, அதாவது தனக்கென எழுவாயும் முற்று வினையும் உள்ள தொடராக, விரிக்கலாம்: 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், எ டாக் பிட் மீ'. இரண்டாவது வழி எப்போதும் பாதுகாப்பு. சந்தேகம் வந்தால் அதையே எடுங்கள்.

சோதித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. கமா வரை விரலால் மறையுங்கள். கமாவுக்கு அடுத்து நிற்கும் பெயரைப் பாருங்கள். 'இவரா அதைச் செய்தார்?' என்று கேளுங்கள். வி3-ஆக இருந்தால் 'இதுவா அப்படிச் செய்யப்பட்டது?' என்று கேளுங்கள். பதில் ஆம் என்றால் மேலே போகலாம்.

இந்த விதி தமிழுக்குப் புதிதும் அல்ல. செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வினையெச்சங்களைப் பற்றி 'முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின' என்கிறது தொல்காப்பியம். எச்சத்தைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும் என்று பொருள். அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கும் உண்டு: உறுப்பின் வினை, அந்த உறுப்பை உடையவரின் வினையோடு முடியலாம். 'கால் ஒடிந்து விழுந்தான்' என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது அவன். ஆங்கிலத்துக்கு இந்த விலக்கு கிடையாது. அங்கே காலைத் தனியாக எழுதியாக வேண்டும்: 'ஹிஸ் லெக் புரோக்கன், ஹி ஃபெல்'.

நாம் பேசும் தமிழ் இதைவிடவும் நெகிழ்வானது. 'பாட்டைக் கேட்டு எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது' என்று தயங்காமல் சொல்கிறோம். கேட்டது நான், ஆனால் 'வந்தது' என்ற வினைக்கு எழுவாய் ஞாபகம். 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமைக்குள் ஆள் ஒளிந்திருப்பதால் தமிழில் உறுத்தாது. அதே வார்ப்பில் 'லிசனிங் டு தி சாங், மை சைல்ட்ஹுட் கேம் டு மை மைண்ட்' என்று எழுதினால் பாட்டுக் கேட்டது என் குழந்தைப் பருவம் என்றாகிவிடும். 'லிசனிங் டு தி சாங், ஐ ரிமெம்பர்ட் மை சைல்ட்ஹுட்' என்பதே சரி. கோபம் வந்தது, பசித்தது, பிடித்தது, தெரிந்தது, யோசனை தோன்றியது என்று 'எனக்கு' போட்டுப் பேசும் எல்லா வினைகளிலும் இந்தப் பள்ளம் இருக்கிறது. 'அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது' என்பதை 'சீயிங் ஹிம், ஐ காட் ஆங்ரி' என்று 'ஐ' போட்டு எழுதுங்கள். தமிழர் எழுதும் டாங்ளிங் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. 'நாயும் நடையும்' மாதிரி உதாரணங்களையே பாடத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவதால் இது கண்ணில் படாமலே போகிறது.

இன்னொரு ஊற்று, செயப்பாட்டு வினை. 'ஹேவிங் கம்ப்ளீட்டட் தி வொர்க், தி பில் வாஸ் சப்மிட்டட்' என்ற வாக்கியத்தை எத்தனையோ கோப்புகளில் பார்க்கலாம். வேலையை முடித்தது பில் அல்ல. 'ஹேவிங் கம்ப்ளீட்டட் தி வொர்க், வி சப்மிட்டட் தி பில்' என்று எழுதுங்கள். 'வி' என்று போட விருப்பமில்லை, கோப்பு நடை வேண்டும் என்றால் 'தி வொர்க் ஹேவிங் பீன் கம்ப்ளீட்டட், தி பில் வாஸ் சப்மிட்டட்' என்று வேலைக்கே தனி எழுவாய் கொடுத்துவிடலாம்.

விடுமுறைக் கடிதத்திலும் இது உண்டு. 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மி லீவ்' என்றால், 'கிராண்ட்' என்ற ஏவல் வினைக்கு எழுவாய் 'யூ'. காய்ச்சல் தலைமையாசிரியருக்குப் போய்விடுகிறது. பள்ளியில் காலங்காலமாக மனப்பாடம் செய்கிற 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற தொடர் இலக்கணப்படி பழுதற்றது. அதை மாற்றவே வேண்டாம்.

'பீயிங் சண்டே, தி ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்' என்பதும் இதே வகை. கடைகள் ஞாயிற்றுக்கிழமை அல்ல. 'இட் பீயிங் சண்டே, தி ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்' என்று ஒரு 'இட்' சேர்க்க வேண்டும். 'தேர் பீயிங் நோ பஸ், வி வாக்ட்' என்பதும் அப்படியே. ஃபிரேஸுக்குத் தனி எழுவாய் கொடுக்கும் இந்த அமைப்புக்கு ஆப்ஸல்யூட் என்று பெயர். எழுத்தில், அதிலும் தேர்வில், இது நல்ல தமிழ்ச் செய்யுள் நடை மாதிரி மிடுக்காக இருக்கும். பேச்சில் 'ஆஸ் இட் வாஸ் சண்டே' போதும்.

'அர்த்தம் புரிகிறதே, பிறகென்ன?' என்று கேட்கலாம். உண்மைதான், பல இடங்களில் புரியும். ஹாம்லெட் நாடகத்தில் ஆவி பேசும்போது 'ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ சர்ப்பன்ட் ஸ்டங் மி' என்கிறது. தூங்கியது பாம்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் இரண்டு மனிதர்கள் வரும் வாக்கியத்தில் குழப்பம் நிஜமாகிவிடும். 'ஹேவிங் லாஸ்ட் தி ஃபைல், தி ஆஃபீசர் ஸ்கோல்டட் தி கிளார்க்' என்றால் ஃபைலைத் தொலைத்தவர் அதிகாரி. எழுதியவர் நினைத்தது கிளார்க்கை. இது ஒரு விளக்கக் கடிதத்தில் வந்தால் பழி இடம் மாறிவிடும். அதனால்தான் தேர்வும் அலுவலகமும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன.

சில ஐஎன்ஜி சொற்களுக்கு மட்டும் சொந்தக்காரர் தேவையில்லை. அவை கிட்டத்தட்ட இடைச்சொல்லாக உறைந்துவிட்டன: கன்சிடரிங், ரிகார்டிங், கன்சர்னிங், இன்க்ளூடிங், டிபெண்டிங் ஆன், ஜட்ஜிங் ஃப்ரம், ஜெனரலி ஸ்பீக்கிங். 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், தி பனிஷ்மென்ட் இஸ் ஹெவி' என்பதில் எந்தப் பிழையும் இல்லை. 'யூசிங்' இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது. 'தி சாம்பிள் வாஸ் ஹீட்டட் யூசிங் எ பர்னர்' என்று அறிவியல் கட்டுரைகளில் சகஜமாக வருகிறது. அதையே முன்னால் கொண்டுவந்து 'யூசிங் எ பர்னர், தி சாம்பிள் வாஸ் ஹீட்டட்' என்றால் எடிட்டர்கள் ஆட்சேபிக்கலாம்.

இனி காலம். ஐஎன்ஜியா, ஹேவிங்கா? தமிழே வழிகாட்டும். மனதில் வரும் தமிழ் எச்சம் '-கொண்டு', '-கொண்டே' என்று முடிந்தால் ஐஎன்ஜி. '-விட்டு' என்று முடிந்தால் ஹேவிங். 'டீ குடித்துக்கொண்டே பேப்பர் படித்தார்' என்பது 'டிரிங்கிங் டீ, ஹி ரெட் தி பேப்பர்'. 'பத்து வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்' என்பது 'ஹேவிங் வொர்க்ட் இன் துபாய் ஃபார் டென் இயர்ஸ், ஹி ரிட்டர்ன்ட் ஹோம்'. இங்கே 'வொர்க்கிங்' என்று போட்டால், பத்து வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பினார் என்ற முரண் வரும்.

'கதவைத் திறந்து உள்ளே போனார்' என்பது போல வெறும் '-து' என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். இரண்டு செயலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நடந்தால் ஐஎன்ஜி போதும்: 'ஓபனிங் தி டோர், ஹி வென்ட் இன்'. நடுவில் இடைவெளி இருந்தாலோ, முதல் செயல் நீண்ட நேரம் பிடித்திருந்தாலோ, முதலாவது முடிந்ததுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்றாலோ ஹேவிங் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன்' என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் வாக்கியம் நொண்டும். அங்கே முற்று வினைகளையே அடுக்குவார்கள்: 'ஐ காட் அப், ஹேட் எ பாத், ஏட் அண்ட் காட் எ பஸ் டு தி ஆபீஸ்'. ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஃபிரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டாயம் தேவைப்பட்டால் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வையுங்கள்.

ஐஎன்ஜிக்கும் வி3-க்கும் உள்ள குழப்பத்துக்கும் மூலம் தமிழில்தான் இருக்கிறது. 'மலைக்கோட்டையிலிருந்து பார்த்தால் காவிரி நன்றாகத் தெரியும்' என்கிறோம். யார் பார்த்தால் என்று தமிழ் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுவாய் காவிரி என்றால், காவிரி பார்க்கவில்லை, பார்க்கப்படுகிறது. எனவே 'சீன் ஃப்ரம் தி ராக்ஃபோர்ட், தி காவேரி லுக்ஸ் பியூட்டிஃபுல்'. 'சீயிங்' என்று போட்டால் ஆறு கோட்டைமேல் ஏறி வேடிக்கை பார்க்கும். 'கம்பேர்ட் வித் லாஸ்ட் இயர், பிரைசஸ் ஆர் ஹை' என்பதிலும் 'கம்பேரிங்' வராது.

பெயரெச்சத்தின் வேலையையும் இதே பார்ட்டிசிபிள்தான் செய்கிறது. மேசைமேல் கிடக்கும் ஃபைல் 'தி ஃபைல் லையிங் ஆன் தி டேபிள்'. நேற்று அனுப்பிய கடிதம் 'தி லெட்டர் சென்ட் எஸ்டர்டே'. தமிழில் பெயருக்கு முன்னால் வருவது ஆங்கிலத்தில் பின்னால் போகிறது. கமா கிடையாது. ஆனால் எல்லாப் பெயரெச்சத்தையும் இப்படித் திருப்ப முடியாது. 'நான் படித்த பள்ளி', 'சாவி வைத்த இடம்', 'கல்யாணம் நடந்த மண்டபம்' என்று இடம், கருவி, நேரம் எதற்கும் தமிழ்ப் பெயரெச்சம் பொருந்தும். ஆங்கிலப் பார்ட்டிசிபிளுக்கு அந்த வீச்சு இல்லை. அந்தப் பெயர், செயலைச் செய்ததாக இருக்க வேண்டும், அல்லது செயலுக்கு உள்ளானதாக இருக்க வேண்டும். 'தி ஸ்கூல் ஸ்டடீட் பை மி' என்றால் பள்ளியையே நான் ஆராய்ந்ததாகப் பொருள் வரும். 'தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்' என்றுதான் எழுத வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக மிகப் பரவலான ஒரு பிழை: 'தி மேன் கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்'. 'நேற்று வந்த மனிதர்' என்பதில் உள்ள 'வந்த' என்ற பெயரெச்சத்தை அப்படியே வைத்தது. வா, போ, விழு, சேர் போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளின் இறந்தகால உருவத்தையோ வி3-ஐயோ இப்படிப் பெயருக்குப் பின்னால் வைக்க முடியாது. 'தி மேன் ஹு கேம் எஸ்டர்டே' என்று 'ஹு' வேண்டும். 'ஹேவிங் கம் எஸ்டர்டே' என்று போட்டும் தப்பிக்க முடியாது. யார் என்று அடையாளம் காட்ட ஹேவிங் உருவம் உதவாது. இன்னொரு பக்கம், வினையாக வரும்போது ஐஎன்ஜி ஏற்காத சொற்கள் இங்கே ஏற்கும். 'தி பாக்ஸ் இஸ் கன்டெய்னிங் டென் பென்ஸ்' தவறு. 'எ பாக்ஸ் கன்டெய்னிங் டென் பென்ஸ்' சரி. 'பிலாங்கிங் டு', 'கன்சிஸ்டிங் ஆஃப்' இரண்டும் இப்படித்தான்.

வாக்கியத்தின் கடைசியில் வரும் ஐஎன்ஜியை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ஆங்கிலத்தின் மிக அழகான வசதிகளில் அது ஒன்று. தமிழ்ச் செய்தித்தாளில் 'பஸ் கவிழ்ந்து 12 பேர் காயம்' என்று தலைப்பு வரும். காரணம் எச்சத்தில், விளைவு முடிவில். எழுவாய் வேறு வேறாக இருந்தாலும் காரணப் பொருள் இருப்பதால் தமிழ் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. காரணம் முதன்மை வாக்கியத்தில், விளைவு ஐஎன்ஜியில்: 'எ பஸ் ஓவர்டர்ன்ட், இஞ்சுரிங் 12 பீப்பிள்'. 'மழை கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர்' என்பது 'இட் ரெய்ன்ட் ஹெவிலி, ஃப்ளடிங் தி ஸ்ட்ரீட்ஸ்'. 'மழை பெய்து', 'பஸ் கவிழ்ந்து', 'கரண்ட் போய்' என்று தமிழில் மனதில் ஓடினால், அந்த எச்சத்தை ஆங்கிலத்தில் முற்றாக்குங்கள், தமிழ் முற்றை ஐஎன்ஜி ஆக்குங்கள். ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை எடுத்து இந்த அமைப்பை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்தால் காது சீக்கிரம் பழகிவிடும்.

கடைசியில் வரும்போது கமாதான் பொருளைத் தீர்மானிக்கும். 'ஐ சா ஹிம் கிராசிங் தி ரோட்' என்றால் சாலையைக் கடந்தது அவர். 'ஐ சா ஹிம்,' என்று கமா போட்டு அதையே தொடர்ந்தால் கடந்தது நான். கமாவை வைத்துக் காப்பாற்றுவதைவிட ஃபிரேஸை முன்னால் தூக்கி 'கிராசிங் தி ரோட், ஐ சா ஹிம்' என்று எழுதுவது தெளிவு. நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா. அந்தக் கமாக்கள் இருந்தால் எல்லாரையும் குறிக்கும், இல்லாவிட்டால் சிலரை மட்டும் குறிக்கும். 'கேண்டிடேட்ஸ் அரைவிங் லேட் வில் நாட் பி அலவ்ட்' என்றால் தாமதமாக வருபவர்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. 'தி கேண்டிடேட்ஸ், அரைவிங் லேட், வேர் நாட் அலவ்ட்' என்றால் அத்தனை பேரும் தாமதம், ஒருவருக்கும் அனுமதி இல்லை.

'வாக்கிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்' என்பதில் வருவது பார்ட்டிசிபிள் அல்ல, பெயர்ச்சொல் வேலை பார்க்கும் ஐஎன்ஜி, அதாவது ஜெரண்ட். அதை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது, அதுதான் அடையாளம். பார்ட்டிசிபியல் ஃபிரேஸை எடுத்துவிட்டாலும் மீதி முழு வாக்கியமாக இருக்கும். 'ஆன் சீயிங் தி போலீஸ், தி தீஃப் ரான் அவே', 'ஆஃப்டர் ஃபினிஷிங்' போன்றவையும் ஜெரண்ட்தான். ஆனால் எழுவாய் விதி அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

தேர்வில் காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தை (துணை கிளாஸ் சேர்ந்தது) சிம்பிளாக (ஒரே கிளாஸ் உள்ளதாக) மாற்றச் சொன்னால், இரண்டு கிளாஸிலும் எழுவாய் ஒன்றா என்பதை முதலில் பாருங்கள். 'ஆஸ் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கோ டு ஸ்கூல்' என்பதில் இரண்டும் 'ஹி'. 'ஆஸ் ஹி வாஸ்' மூன்றையும் நீக்கி 'பீயிங்' போட்டால் முடிந்தது: 'பீயிங் இல், ஹி டிட் நாட் கோ டு ஸ்கூல்'. 'ஆஸ் தி சன் ஹேட் செட், வி ரிட்டர்ன்ட்' என்பதில் எழுவாய் வேறு. அதை விட்டுவிடாமல் முன்னாலேயே வைத்து 'தி சன் ஹேவிங் செட், வி ரிட்டர்ன்ட்' என்று எழுதுங்கள். 'ஹேட்' இருந்த இடத்தில் 'ஹேவிங்', 'வாஸ்', 'வேர்' இருந்த இடத்தில் 'பீயிங்'. 'பீயிங்'குக்குப் பின்னால் வி3 வந்து, அதே எழுவாய் தொடர்ந்தால், 'பீயிங்'கை எடுத்துவிடலாம்: 'பீயிங் டயர்ட், ஷி ஸ்லெப்ட்' என்பதைவிட 'டயர்ட், ஷி ஸ்லெப்ட்' கச்சிதம். மாற்றிய பிறகு நடுவில் 'ஸோ', 'அண்ட்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஆகவே' என்று சொல்லிப் பழகிய வாய் 'பீயிங் இல், ஸோ ஹி டிட் நாட் கோ' என்று எழுதவைக்கும். காரணத்தை 'பீயிங்' சொல்லிவிட்டதால் 'ஸோ'வுக்கு அங்கே இடமில்லை, இருந்தால் மதிப்பெண் போய்விடும்.